சீன் தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது!

கேள்வி: வணக்கம் மேடம். பெங்களூரில் ஐடி வேலை. ஏழு வருடமாக ஒரு இம்ப்ரோவ் குழுவில் இருக்கிறேன். ஆறு பேர், மாதம் இரண்டு ஷோ, தமிழும் ஆங்கிலமும் கலந்து. ஸ்கிரிப்ட் கிடையாது, ஆடியன்ஸ் ஒரு வார்த்தை கொடுப்பார்கள், அதை வைத்து அங்கேயே சீன் போடுவோம். முன்பெல்லாம் ஷோ முடிந்த இரவு தூக்கமே வராது. இப்போதும் கைதட்டல் வருகிறது, எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது முன்னாலேயே தெரிகிறது. என் வாயிலிருந்து வருவதும் அதே டாக்டர், அதே கோபக்கார மேனேஜர், அதே மாமி. கேம்கள், அதாவது ஏதாவது ஒரு விதி வைத்து சீன் ஆடும் விளையாட்டுகள், புதுப்புதிதாகத் தேடிப் பிடித்து முயன்றோம், இரண்டு வாரத்தில் அதுவும் பழசாகிவிடுகிறது. கற்பனை வற்றிவிட்டதா? என் அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வருடக்கணக்கில் ஒரே ரூட்டில் போனார், ஒரு நாளும் போர் என்று சொன்னதில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி? டிசம்பரில் ஆண்டு விழா ஷோ வேறு வருகிறது, எல்லோரும் பழைய ஹிட் கேம்களையே போடலாம் என்கிறார்கள். பேசாமல் விட்டுவிடலாமா?

பதில்: வணக்கம். கற்பனை வற்றுவதாவது! ஒரு வார்த்தை கொடுத்த மூன்றாவது நொடியில் டாக்டர், மேனேஜர், மாமி என்று ஆள் வந்து நிற்கிறார் என்றால் ஊற்று நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லப்போனால் தேவைக்கு மேல் வேகமாகவே இருக்கிறது. அந்த வேகம்தான் உங்கள் சிக்கல் என்பது என் கணிப்பு. பார்ட்னர் வாயைத் திறப்பதற்குள் உங்களிடம் பதில் தயார். தயாரான பதிலோடு மேடை ஏறுகிறவருக்குப் போர் அடிக்காமல் வேறென்ன செய்யும்?

‘யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது முன்னாலேயே தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் நம்பவில்லை. தெரியாது உங்களுக்கு. தெரியும் என்று முடிவு செய்துவிட்டு, பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள். என் வகுப்புக்கு வரும் புதியவர்களுக்கு இந்த வியாதி வருவதே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது, அந்தப் பயத்தில் பார்ட்னரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். நாலைந்து வருடம் ஆடி, இனி விழ மாட்டோம் என்ற தைரியம் வந்தவர்களுக்குத்தான் இது வருகிறது. ஒருவிதத்தில் தேர்ச்சியின் பக்கவிளைவு.

நான் அடிக்கடி பார்க்கும் ஒரு சீனைச் சொல்கிறேன், உங்கள் குழுவிலும் இது நடந்திருக்கும். ஆடியன்ஸ் கொடுத்த வார்த்தை ‘பஸ் ஸ்டாண்ட்’. ஒரு பெண் இடப்பக்கத்திலிருந்து மேடைக்கு வருகிறார். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து எதையோ பிடித்திருக்கிறார், கொஞ்சம் கனமான பொருள், ஆனால் கீழே வைக்க மனமில்லை. பெஞ்சைப் பார்க்கிறார், உட்காரவில்லை. இப்போது நம் அனுபவசாலி வருகிறார். வந்ததும் வராததுமாக, “என்னம்மா, திருச்சி பஸ் போயிடுச்சா? இந்த ஊர்ல எது டைமுக்கு வருது?” என்று ஆரம்பித்துக் கோபக்காரப் பயணியாகப் பொரிந்து தள்ளுகிறார். சிரிப்பு வருகிறது. லேட்டாக வரும் பஸ், சில்லறை தராத கண்டக்டர், உடைந்த சீட்டு என்று சீன் ஓடுகிறது. ஓடுகிறது என்றால் உண்மையிலேயே நன்றாக ஓடுகிறது, ஆடியன்ஸ் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கையில் இருந்தது என்ன? இரண்டாவது வசனத்திலேயே அந்தப் பெண் கையைக் கீழே இறக்கிவிட்டார், கொண்டுவந்ததை யாரும் கேட்கவில்லை, இனி சுமந்து என்ன பயன். அது அஸ்தியாக இருந்திருக்கலாம், பூனைக்குட்டியாக இருந்திருக்கலாம், நாத்தனாரிடம் சண்டை போட்டுத் திரும்ப வாங்கிவந்த மிக்ஸி ஜாராக இருந்திருக்கலாம். “நான் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உங்கள் ஏழு வருட அனுபவத்தில் இல்லாத ஒரு சீன் அங்கே காத்திருந்தது.

உங்கள் சீன்களின் முதல் பதினைந்து நொடிகள் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே விட்டதைப் பிறகு புதுக் கேம் போட்டு ஈடுகட்ட முடியாது.

கேம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இம்ப்ரோவ் கேம்களில் பலவற்றின் வேர் சிகாகோவில் இருக்கிறது. வயோலா ஸ்போலின் என்ற பெண்மணி, ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் நேவா பாய்ட் என்பவரிடம் விளையாட்டின் வழியே கற்பிக்கும் முறையை 1920களில் கற்றவர். 1930களின் கடைசியில், குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளை வைத்து நாடகம் போட வேண்டி வந்தபோது அதையே மேடைக்குத் திருப்பினார். அவருக்குக் காமெடி நோக்கமே இல்லை. மேடையில் நிற்பவருக்குத் தீர்க்க ஒரு நிஜமான சின்னச் சிக்கலைக் கொடுத்துவிட்டால், நான் எப்படித் தெரிகிறேன், அடுத்து என்ன சொல்வேன் என்ற யோசனைக்கு மண்டையில் இடம் இருக்காது, அவ்வளவுதான் விஷயம். அவர் மகன் பால் சில்ஸ் 1959ல் நண்பர்களோடு செகண்ட் சிட்டி அரங்கைத் தொடங்கிய பிறகுதான் இது சிரிப்புத் தொழிலாகப் பெரிதாக வளர்ந்தது.

ஆக, கேம் வேலை செய்வது அதில் சிக்கல் இருக்கும் வரைதான். ஏழு வருடம் ஜிப்-ஜாப்-ஜோப் என்ற வார்ம்-அப் கேமை ஆடியவருக்கு அதில் என்ன சிக்கல் மிச்சம்? கை தானாகப் போகிறது, மனது இரவு டின்னரைப் பற்றி யோசிக்கிறது. புதுக் கேம் இரண்டு வாரம் தாங்குவதும் இதனால்தான், இரண்டு வாரத்தில் அதன் சூட்சுமத்தைப் பிடித்துவிடுகிறீர்கள். கெட்டிக்காரர்கள்! அதனால் புதிது தேடாதீர்கள், பழையதைக் கெடுங்கள். உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிப்போன ஒரு கேமை எடுத்து, பார்ட்னர் சொன்ன கடைசி வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் நீங்கள் பேச வேண்டும் என்று விதி வையுங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். பாதி வாக்கியம்தான் காதில் விழுந்திருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் வெட்டவெளிச்சமாகிவிடும். அப்புறம் ஒரு விஷயம் நடக்கும்: திரும்பச் சொல்லும் அந்த மூன்று நொடியில் தயாராக வைத்திருந்த பதில் செத்துப்போகும், வேறு ஒன்று வரும். அந்த வேறு ஒன்றுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இன்னொரு பயிற்சி, ஒத்திகையில் மட்டும் செய்யுங்கள், ஷோவில் வேண்டாம். சீனின் முதல் இரண்டு நிமிடம் பேச்சே கூடாது. ஊமை நாடகம் போடச் சொல்லவில்லை, சைகையும் வேண்டாம், அந்த இடத்தில் இருந்தால் என்ன வேலை செய்வீர்களோ அதைச் செய்யுங்கள், துணி மடியுங்கள், ஃபைல் அடுக்குங்கள். பார்ட்னர் மடிக்கும் விதத்தை வைத்து அவர் யார், உங்கள் மேல் கோபமா, இன்று ஏதாவது நடந்ததா என்று கண்டுபிடியுங்கள். இரண்டு நிமிடம் கழித்து முதல் வாக்கியம் வரும்போது அதில் டாக்டரும் இருக்க மாட்டார், மாமியும் இருக்க மாட்டார்.

கீத் ஜான்ஸ்டனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் இருந்து பிறகு கனடாவின் கால்கரிக்குப் போய் 1977ல் லூஸ் மூஸ் தியேட்டரைத் தொடங்கிய ஆசாமி, 2023ல்தான் காலமானார். புத்திசாலித்தனமாக எதையாவது சொல்லத் துடிப்பவர்களைப் பார்த்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, உனக்கு எது ரொம்பச் சாதாரணமாகத் தோன்றுகிறதோ அதைச் சொல் என்பதுதான். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவது அடுத்தவருக்கு அப்படித் தெரியாது. இங்கே ஒரு குழப்பம் வரும், டாக்டரும் மேனேஜரும்தானே எனக்கு முதலில் தோன்றுகிறார்கள் என்று கேட்பீர்கள். இல்லை, அவர்கள் முன்பு கைதட்டல் வாங்கித் தந்தவர்கள், அதனால் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். கையில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாருக்கும் முதலில் தோன்றுவது ‘அது என்ன’ என்ற கேள்விதான்.

ஜான்ஸ்டனிடமிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடிய இன்னொன்று, அந்தஸ்து விளையாட்டு. எதிரில் இருப்பவரைவிட உங்கள் அந்தஸ்தை ஒரே ஒரு படி மேலே அல்லது ஒரே ஒரு படி கீழே வையுங்கள், அவ்வளவுதான். ராஜா, அடிமை என்று பத்துப் படி வைத்தால் கேலிச்சித்திரம், ஒரு படி வைத்தால் மனிதர்கள். இதைத் தமிழில் செய்து பாருங்கள், ஆங்கிலத்தில் கிடைக்காத ருசி இருக்கிறது. ‘வாங்க சார்’ என்று தொடங்கிய ஒருவர் சீனின் நடுவில் எந்த இடத்தில் சாரை விடுகிறார், எப்போது ‘நீங்க’ ‘நீ’ ஆகிறது, ஆனதும் அடுத்தவர் உடம்பு என்ன செய்கிறது என்பதை மட்டும் வைத்தே பத்து நிமிடம் ஆடலாம். உங்கள் குழு தமிழும் ஆங்கிலமும் கலந்து ஆடுகிறது என்கிறீர்கள். என் அனுபவத்தில் கலந்து ஆடுபவர்கள் சிக்கலான இடம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள், அங்கே எல்லோரும் ஒரே உயரம், தப்பித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தாவாமல் இருங்கள்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ரூட் ஒன்றாக இருந்தாலும் பயணிகள் தினமும் வேறு. எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார், யார் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்று கூட்டத்தில் முகம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது, பார்க்காமல் விட்டால் செக்கிங் வரும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பார்க்காமலே ஆடினாலும் கைதட்டிவிடுகிறார்கள்.

இதற்கு நம் ஊரிலேயே நேரடியான உதாரணம் இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ‘வள்ளி திருமணம்’தான் பெரும்பாலும். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியவிடிய நடக்கும். அதில் கம்பெனி என்று ஒன்று கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஹார்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக புக் செய்வார்கள், அன்றைக்கு யாரோடு ஆடப் போகிறோம் என்பதே பல நேரம் அந்த ஊருக்குப் போன பிறகுதான் உறுதியாகும். சீசனில் கிட்டத்தட்ட தினமும் நாடகம். அதே வள்ளி, அதே தினைப்புனம், அதே நாரதர் வருகை, வேடனாக வந்து மான் தேடும் அதே முருகன். உங்களைவிட அவர்களுக்கு எவ்வளவு போர் அடித்திருக்க வேண்டும்!

ஆனால் தர்க்கம் வரும் இடத்தைப் பாருங்கள். நாரதரும் வள்ளியும், பிறகு முருகனும் வள்ளியும் கேள்விக்குக் கேள்வி போட்டு மடக்கிக்கொள்ளும் பகுதி. கதை இம்மி நகராது, மணிக்கணக்கில் போகும். எதிராளி இன்று எதை எடுத்து வீசுவார் என்பது தெரியாது, பதில் சரியில்லை என்றால் முன்வரிசைப் பெரியவரே குரல் கொடுத்துவிடுவார். நான் பார்த்த ஒரு நாடகத்தில், நாரதர் நீளமாக ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டே போக, வள்ளி கவண்கல்லைக் கையில் உருட்டிக்கொண்டு ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி முடிந்ததும், அதில் நாரதர் போகிறபோக்கில் உதிர்த்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, முதலில் இதற்கு விளக்கம் சொல்லுங்கள் சுவாமி, பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றார். நாரதர் ஒரு கணம் ஹார்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், பந்தலே எழுந்து விசிலடித்தது. அந்த அம்மாள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கேட்டார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பார்ட்னர் மாற்றம். ஆறு பேர் ஏழு வருடம் என்பது ரொம்ப நீளம். எதிரில் இருப்பவர் எங்கே மூச்சு விடுவார் என்பது வரை மனப்பாடம் ஆகியிருக்கும், அந்தச் சௌகரியத்தில்தான் எல்லோரும் தூங்குகிறீர்கள். குழுவை உடைக்க வேண்டாம். வேறு குழுக்காரர்களை ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், நீங்களும் அவர்களிடம் போய் ஆடுங்கள். முக்கியமாக, நேற்றுச் சேர்ந்த புது ஆளோடு ஆடுங்கள். அவர் விதிமுறை தெரியாமல் எதையாவது செய்து வைப்பார், சீனைக் காப்பாற்ற நீங்கள் முழுக்க விழித்திருக்க வேண்டியிருக்கும்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னத் தகவல். சார்ல்ஸ் லிம்ப், ஆலன் பிரான் இருவரும் ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து வாசிக்கச் சொல்லி 2008ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனப்பாடமானதை வாசிக்கும்போது இருப்பதைவிட, அந்த நேரத்தில் கற்பனையாக வாசிக்கும்போது தன்னைத் தானே கண்காணிக்கிற வேலையோடு தொடர்புபடுத்தப்படும் முன்மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைந்திருந்தது. ஆறே ஆறு பேரை வைத்துச் செய்த ஆய்வு, அதன் மேல் கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் மேடையில் நம்மை நாமே மார்க் போட்டுக்கொண்டு ஆடும் இரவுகள் ஏன் மட்டமாக இருக்கின்றன என்பதோடு அது ஒத்துப்போகிறது.

அப்பாவைப் பற்றி இன்னொன்று கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறையாவது உங்கள் சீனில் வந்திருக்கிறாரா? வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், வந்திருந்தால் கடிதத்தில் மாமிக்குப் பக்கத்தில் அவரும் இருந்திருப்பார். ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் வைப்பது, பார்க்காமலே தடவிச் சில்லறை எடுப்பது, தோல்பையை இடுப்பில் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுக் கூட்டத்தில் நுழைவது, வீட்டுக்கு வந்தும் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ குரலிலேயே பேசுவது, இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருவர் மேடையில் சில்லறை தராத பொத்தாம்பொதுவான கண்டக்டராக நின்றால் அது அநியாயம். டாக்டரையும் மாமியையும் நீங்கள் பிற ஷோக்களிலும் ரீல்ஸிலும் இருந்து எடுத்தீர்கள், அதனால்தான் சலிக்கிறார்கள். அந்த மேனேஜரே எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரு நிஜ மேனேஜரோடு வேலை செய்கிறீர்களே, அவர் மேடை மேனேஜர் மாதிரி கத்துகிறாரா? மீட்டிங்கில் மியூட்டைப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விடுகிறவராக இருப்பார். அதை ஆடுங்கள். கொஞ்ச நாளைக்கு இம்ப்ரோவ் வீடியோ பார்ப்பதை நிறுத்திவிட்டு, பிஜி வாசலிலோ பேங்க் கவுன்ட்டரிலோ யார் எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

குழுவிடம் எப்படிச் சொல்வது என்பதிலும் ஜாக்கிரதை. ‘நாம எல்லாரும் போர் அடிக்கிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டால் அன்றைக்கே சண்டை. ‘மாதத்தில் ஒரு ஒத்திகை யாரும் சிரிக்க வைக்கக் கூடாது, எனக்காக’ என்று கேளுங்கள், ஒத்துக்கொள்வார்கள். சிரிப்பு ஒரு மோசமான வாத்தியார். எதற்குக் கைதட்டல் வந்ததோ அதையே மறுபடி செய்யச் சொல்லும், புதியதற்கு முதல்முறை கைதட்டல் வராது.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்டுவிடுகிறேன். மேடையில் மட்டும்தான் இந்தச் சலிப்பா, இல்லை சினிமா, சாப்பாடு, நண்பர்கள், தூக்கம் எல்லாவற்றிலுமா? எல்லாவற்றிலும் என்றால் மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு இல்லை, முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள், நிஜ டாக்டர். வேலை நெருக்கடியில் வெறும் அலுப்பு என்றால் இரண்டு மாதம் லீவு சொல்லிவிட்டுப் போய்த் தூங்குங்கள். இம்ப்ரோவில் அட்டெண்டன்ஸ் யாரும் எடுப்பதில்லை.

மேடையில் மட்டும் என்றால் இப்போது விட வேண்டாம், டிசம்பர் ஷோவைத் தாண்டிப் பார்க்கலாம். அதில் பழைய ஹிட்டைப் போடச் சொல்பவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆண்டு விழாவுக்கு வருபவர்கள் அதைத்தான் கேட்பார்கள், கொடுங்கள், முதல் பாதி முழுக்க அதுவாகவே இருக்கட்டும். இரண்டாம் பாதியை மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஒரே இடம், ஒரே நேரம், இருபத்தைந்து நிமிடம், கட் கிடையாது, ஆட்டத்தை நிறுத்தி ஆள் மாற்றும் வழக்கமும் கிடையாது. வெளியூர் குழுவிலிருந்து ஒரு ஆளை ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரோடு முன்கூட்டி ஒத்திகை பார்க்காதீர்கள். முதல் பத்து நிமிடம் ஹால் அமைதியாக இருக்கும், அப்போது உங்களில் யாராவது ஒருவர் பதறிப்போய் மாமியை இறக்கப் பார்ப்பார். அது நீங்களாக இருக்கக் கூடாது என்பதற்காக அன்று முதல் ஆளாக மேடைக்குப் போகாதீர்கள், பின்னால் நின்று வருகிறவரின் கையைப் பாருங்கள். ஷோ முடிந்து எப்படிப் போனது என்று எழுதுங்கள். அதன் பிறகும் விடத் தோன்றினால் தாராளமாக விடலாம்.